கம்பளிக்கு மேல் படுத்த கணித மேதை

பண்ருட்டியில் பலாப்பழக் காலம் முடிகிற சமயம். மண்டியில் மிஞ்சிக் கிடந்த பழங்களில் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு நெய்வேலிக்குப் பஸ் ஏறினேன். நகரியத்தில் எனக்கு அக்கா முறையாகும் ஒருவர் இருக்கிறார். அத்திம்பேருக்குச் சுரங்கத்தில் உத்தியோகம்.

வாசலில் கால் வைத்தபோதே விஷயம் தெரிந்து விட்டது. கூடம் முழுவதும் துணிமணிகள். நடுவில் வாயைப் பிளந்துகொண்டு இரண்டு பெட்டிகள். ஒரு மூலையில் புளி, மிளகாய்ப் பொடி, பண்ருட்டி முந்திரிப் பருப்பு. மூத்த பெண் ஜெர்மனிக்குப் புறப்படுகிறாள். ஃப்ரைபெர்க் என்கிற ஊரில், 1765-ல் தொடங்கிய சுரங்கக் கல்விச் சாலையில் மேல்படிப்பு.

"நெய்வேலியில் மண் வாருகிற ராட்சதச் சக்கர இயந்திரங்களை ஜெர்மனிக்காரன் அனுப்பினான். பதிலுக்கு நாம் ஒரு பெண்ணை அனுப்புகிறோம். கணக்கு நேராகி விட்டது" என்றேன் வேடிக்கையாக.

அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, நீ பத்திரிகைக்காரன். நாலும் தெரிந்தவன். உள்ளதைச் சொல்லு. போய் இறங்கின முதல் பத்து நாள் இவள் எப்படி இருப்பாள்?"

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது ஒரே ஒருவருடைய கதைதான். அதையே சொன்னேன்.

1910-ம் வருஷம். நமது பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவில், திருக்கோவிலூரில் வி. ராமசாமி ஐயர் என்று ஒரு டிப்டி கலெக்டர். இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தவர் அவரே. அவரிடம் கும்பகோணத்துப் பிள்ளையாண்டான் ஒருவன் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்து நின்றான். காலேஜில் கணக்கைத் தவிர மற்றதிலெல்லாம் கோட்டை விட்டவன். ஏதாவது குமாஸ்தா வேலை கொடுத்தால் போதும் என்றான். ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இவனைத் தாலுகா ஆபீசில் கட்டிப் போடுவது பாவம் என்று தீர்மானித்து, சென்னைக்குச் சிபாரிசு செய்து அனுப்பினார். அந்தப் பிள்ளையாண்டான்தான் சீனிவாச ராமானுஜன்.

பிறகு துறைமுக ஆபீசில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை செய்ததும், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும் ஊரறிந்த கதை. சீமைக்கு வா என்று ஹார்டி அழைத்தபோது போக முடியவில்லை. கடல் தாண்டினால் ஜாதிப் பிரஷ்டம் செய்கிற காலம் அது. அவருடைய தாயார் கோமளத்தம்மாளின் கனவில் நாமகிரித் தாயார் தோன்றி, மகனைத் தடுக்காதே என்று சொன்னாளாம். அதற்குப் பிறகே அம்மாள் சம்மதித்தாள் என்பார்கள். கனவோ நினைவோ, பெற்றவள் தலையசைத்தாள். சென்னைச் சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது. அதிலிருந்து மாதம் அறுபது ரூபாய் பெற்றோருக்குப் போக ஏற்பாடு செய்து விட்டார் ராமானுஜன்.

கப்பல் ஏறச் சில நாட்களுக்கு முன் தாயாரையும் மனைவி ஜானகியையும் எழும்பூரில் ரயிலேற்றிக் கும்பகோணத்துக்கு அனுப்பினார். ஏன் தெரியுமா? குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பும் கோட்டுமாக நிற்கும் கோலத்தை அவர்கள் பார்க்க வேண்டாம் என்றுதான்! விருத்தாசலம் வழியாகக் குறுக்குப் பாதை போடாத காலம் அது. மாமியாரும் மருமகளும் ஏறிய ரயில் விழுப்புரம் தாண்டி இதே பண்ருட்டி ஸ்டேஷன் வழியாகத்தான் போயிருக்கும். ஜானகிக்கு அப்போது பதினைந்து வயது இருக்கலாம்.

1914 மார்ச் 17-ம் தேதி 'நெவாசா' என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது. முதலில் கடல் மயக்கம் அவரைப் படுத்தி விட்டது. ஏப்ரல் 14-ம் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார். சென்னைக்கு வந்து அவரைச் சம்மதிக்க வைத்த இளம் கணித ஆசிரியர் நெவில் மோட்டாருடன் காத்திருந்தார். லண்டனில் சில நாட்கள் தங்கியபின், கேம்பிரிட்ஜில் செஸ்டர்டன் சாலையிலிருந்த நெவில் வீட்டில் ஜாகை. நெவிலும் அவர் மனைவியும் நல்லவர்கள், குறை வைக்கவில்லை. ஆனால் குறை வேறு இடத்தில் இருந்தது. வேகவைத்து வேகவைத்துச் சாரம் போன காய்கறி எப்படி இறங்கும்? இருபத்தாறு வருஷம் வெறுங்காலாக நடந்த பாதங்களைப் பூட்ஸ் கடித்தது. நல்ல பாலும் பழமும் கிடைப்பதால் தேவலை, ஒன்றிரண்டு பதார்த்தங்களை நானே சமைத்துக் கொள்ளப் போகிறேன், சாமான்களுக்கு ஊருக்கு எழுதியிருக்கிறேன் என்று சென்னை நண்பருக்குக் கடிதம் போட்டார். சில வாரங்களில் டிரினிடி கல்லூரி அறைக்குக் குடிபோய், அங்கேயே அடுப்பு மூட்டிச் சமையலை ஆரம்பித்து விட்டார். அரிசியும் புளியும் இங்கிருந்து பொட்டலமாகப் போயின.

வந்து நாலு மாதம் ஆகவில்லை, ஆகஸ்ட் 4-ம் தேதி பிரிட்டன் யுத்தத்தில் இறங்கியது. காய்கறியும் பழமும் அருமையாயின.

குளிர் தொடங்கியது. கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வங்காளி மாணவர் மகாலனோபிஸ் ஒரு நாள் பார்க்க வந்தார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் அவர். ராமானுஜன் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். "ராத்திரியில் கதகதப்பாக இருக்கிறதா?" என்று கேட்டார் மகாலனோபிஸ். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு தூங்குகிறேன், அப்படியும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தார் நண்பர். கம்பளிகள் இருந்தன! மெத்தையோடு சேர்த்து நாலு பக்கமும் இறுக்கிச் செருகி, மேலே விரிப்பும் போட்டிருந்தது. அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. கம்பளிகளின் மேலேயே படுத்து இத்தனை நாள் நடுங்கியிருக்கிறார். மகாலனோபிஸ் பிரித்துக் காட்டினார். ராமானுஜன் நெகிழ்ந்து போனாராம்.

உலகத்துக் கணித மேதைகள் எல்லாம் பக்கத்தில்தான் இருந்தார்கள். ஹார்டி தினம் பார்த்தவர். பார்த்தபோதெல்லாம் இவர் அரை டஜன் புதுத் தேற்றங்களைக் காட்டினார். ஆனால் ஹார்டி பிரம்மசாரி. விருந்தாளி எப்படித் தூங்குகிறான் என்று படுக்கையை எட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றுமா? ராமானுஜனும் வாய்விட்டுக் கேட்கிற ஆசாமி அல்ல. சங்கோசி. பிற்பாடு ஒரு தடவை இந்திய நண்பர் ஒருவரையும் இரண்டு பெண்மணிகளையும் சாப்பாட்டுக்கு அழைத்து, தாமே ரசம் வைத்துப் பரிமாறினார். மூன்றாவது தடவை ஊற்றப் போனபோது பெண்மணிகள் போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளையே காணோம்! நாலு நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி: ஐந்து பவுன் அனுப்பவும். ரசத்தை வேண்டாம் என்றதில் மனம் புண்பட்டுக் கையிலிருந்த காசுக்கு ரயிலேறிப் போயிருக்கிறார். நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் பேச்சுத் துணையில்லாமல் இருந்தவருக்கு அந்த ரசம் எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்க வேண்டும்!

இங்கே கும்பகோணத்தில் என்ன நடந்தது? ஜானகி எழுதிய கடிதங்களைத் தபாலில் சேர விடாமல் மாமியார் தடுத்தாள் என்று ஜானகியம்மாளே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அங்கே அவர் கடிதத்துக்குக் காத்திருந்தார். இங்கே அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். 1918-ல் ராயல் சொசைட்டி அங்கத்தினர் என்ற பெரும் பட்டம் வந்தது. அதற்கு முன்பே வியாதியும் வந்து விட்டது. 1919-ல் பம்பாயில் கப்பலை விட்டு இறங்கியவர், எதிரே தாயாரைக் கண்டதும் கேட்டது, "ஜானகி எங்கே?" என்றுதான். 1920 ஏப்ரல் 26-ம் தேதி சேத்துப்பட்டில் காலமானார். ஜானகியம்மாள் தையல் தைத்துப் பிழைத்து, திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து, 1994-ல் மறைந்தார்.

நான் நிறுத்தினேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கடிதத்தையெல்லாம் அவள் போட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?" என்றாள் கோபமாக.

"அம்மா, நான்தான் தினம் வீடியோவில் பேசப் போகிறேனே!" என்றாள் பெண்.

"பேசுவாய். எல்லாம் சௌக்கியம் என்பாய். குளிர்கிறது என்று சொல்வாயோ?"

பெண் பதில் சொல்லவில்லை. அத்திம்பேர் பெட்டியைத் தராசில் வைத்தார். விமானக் கம்பெனி அனுமதிப்பது இருபத்து மூன்று கிலோ. முள் இருபத்தைந்தைக் காட்டியது. புளியை எடுப்பதா, முந்திரியை எடுப்பதா என்று தாயும் மகளும் வாதாடிக் கொண்டிருக்கையில் நான் பலாப்பழத்தை அரியக் கத்தி தேடப் போனேன்.