பழைய ஸ்கூட்டரா, புதுசா?

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா பக்கம் ஷிப்டு வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஸ்கூட்டர் ஆடம்பரப் பொருள் அல்ல. இரவு ஷிப்டு முடிந்து மாதம் முழுக்க ஆட்டோவுக்குக் கொடுப்பதைக் கூட்டினால் வண்டித் தவணையை நெருங்கிவிடும். எனவே வாங்குவதா என்பதில் சந்தேகமில்லை. புதிதா, பழையதா என்பதில்தான் குழப்பம்.

புது வண்டிக்கு ஷோரூம் விலையோடு கர்நாடக ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேரும். 2018 செப்டம்பர் முதல், மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை ஐந்து ஆண்டுக்கு ஒரேயடியாகக் கட்டவேண்டும். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலையை மனத்தில் வைத்து, மூன்று வருஷ வண்டிக்குப் புதுசின் விலையில் முக்கால் பங்கு கேட்கிறவரிடம் பேரம் பேசுவதே வீண். புதுசே வாங்கிவிடலாம்.

பாதி விலைக்குக் கிடைத்தால் பழையது லாபம்தான். காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் போகுமுன்பே சூடேற்றி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார் என்று சந்தேகப்படலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங், பிஸ்டன் செலவு காத்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். 'போன வருஷம்தான் மாற்றினேன்' என்பது உண்மையா என்று அதுவே சொல்லிவிடும். 2022 செப்டம்பரில் பெள்ளந்தூர்ப் பக்கம் வெள்ளம் வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். சீட்டுக்கு அடியில், ஒயர் இணைப்புகளின் இடுக்கில் சேறோ பச்சைக் களிம்போ தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம்.

2020 ஏப்ரலுக்கு முந்தைய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் கார்புரேட்டர். தெருமுனை மெக்கானிக்கே பார்த்துவிடுவார், ஜே.சி. ரோட்டில் சாமான் கிடைக்கும். பிறகு வந்தவற்றில் பியூயல் இன்ஜெக்ஷன். கோளாறு கண்டுபிடிக்கவே கருவி வேண்டும். பழைய வண்டிக்கு வேறொரு கவனமும் தேவை. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா என்று சர்வீசின்போது பார்க்கச் சொல்லுங்கள்.

மெக்கானிக் சரிசெய்ய முடியாதது காகிதக் கோளாறு. ஓசூரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று டி.என். 70 வண்டியை ஓட்டி வந்துவிடுகிறார்கள் பலர். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடகப் பதிவு எண் வாங்கவேண்டும். அதற்கு ஓசூர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று பெறவேண்டும். இங்கே வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியும் கட்டவேண்டும். அதையும் கூட்டிய பிறகு மலிவா என்று பாருங்கள். கடனில் வாங்கிய வண்டியானால் படிவம் 35-ம் வங்கியின் சான்றும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பாக்கி அபராதம் உண்டா என்பதைப் பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஊருக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் அவசரத்தில் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓட்டி, இன்ஷூரன்ஸும் இல்லாமல் யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு யார் தலையில் விழும்? ஆர்.டி.ஓ. பதிவில் பெயர் உள்ளவர் தலையில்தான். 2018-இல் நவீன் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் சொன்னது. விற்றவர் ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளிலும், வெளி மாநிலம் என்றால் 45 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். இன்ஷூரன்ஸ் பெயர் மாற்ற வாங்கியவருக்கு 14 நாள்தான். அதைச் செய்யாவிட்டால் சொந்த வண்டி சேதத்துக்குப் பணம் கிடைக்காது.

வண்டியைக் கைமாற்றும் அன்று தேதி, மணி, கிலோமீட்டர் மூன்றையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை சிக்னல் காமிராவில் விழும் அபராதம் யாருடையது என்ற சண்டை வராது.