அமெரிக்காவில் 'வளர்ப்பு வீடு': போலீஸ் ரெக்கார்டு பார்த்துத்தான் பிள்ளையை விடுவார்கள்!
அமெரிக்காவுக்கு 'ஜே-1' விசாவில் ஒரு வருஷம் படிக்கப் போகும் பள்ளி மாணவ-மாணவிகள், முன்பின் தெரியாத குடும்பத்தோடு தங்குகிறார்கள். வயது 15 முதல் 18½ வரை.

சம்பளம் கிடையாது

வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. சோதனை மட்டும் உண்டு! வீட்டில் 18 வயதைத் தாண்டிய எல்லோர் மீதும் கிரிமினல் கேஸ் இருக்கிறதா என்று துருவிப் பார்ப்பார்கள்.

காலையில் மஞ்சள் பஸ். மாலையில் வீட்டு வேலையில் ஒத்தாசை. விருந்தாளி அல்ல, வீட்டுப் பிள்ளை.

வாயை மூடாதே!

வேலைக்காரப் பிள்ளை ஆக்கினால்? "சோறு போடுறவங்களை எப்படிக் குறை சொல்றது?" என்று தயங்க வேண்டாம். மேற்பார்வையாளர் மாதம் ஒரு முறையாவது மாணவரிடம் பேசியே ஆகவேண்டும் என்பது சட்டம். அடையாள அட்டையில் அவர் போன் நம்பர் இருக்கும். வீடு மாற்றவும் வழி உண்டு.

ஊருக்கு போன் போட்டு, "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அழுவதால் என்ன லாபம்?