சாலை மரங்களின் மூடும் அதன் பாதுகாப்பும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே களியக்காவிளை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், பாலராமபுரத்தைக் கடந்து சிறிது தூரத்தில் ஆறாலும்மூடு என்னும் ஊர் உள்ளது. நெய்யாற்றின்கரை நகரினுள்ளே ஆலும்மூடு என ஒரு சந்திப்பு உண்டு. அதே தாலுகாவில் பிளாமூட்டுக்கடை என்பதும், எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்தில் மஞ்சாலுமூடு என்பதும் ஊர்ப்பெயர்களாக வழங்குகின்றன. மூடு என்பது மரத்தின் அடியைக் குறிக்கும் சொல். பாறசாலை முதலிய எல்லைக் கிராமங்களில் தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் இச்சொல்லை ஒரே பொருளில் கையாளுகின்றனர். மக்கள் கூடி நின்றதும், சுமை இறக்கியதும், சந்தை வைத்ததும் மரத்தின் மூட்டிலேயே ஆதலின், ஊருக்கும் அப்பெயரே நிலைத்தது.

மரத்தின் உயிர்நிலையும் அம்மூட்டிலேயே உள்ளது என்பதை இப்பெயர்களை நாள்தோறும் சொல்லும் நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. நகரங்களிலும் சாலையோரங்களிலும் மரங்கள் பட்டுப்போவதற்கும் காற்றில் சாய்வதற்கும் உரிய காரணத்தைப் பலர் கிளைகளில் தேடுகின்றனர். பெரும்பாலும் அது தரைமட்டத்திற்குக் கீழே, ஒரு மீட்டர் ஆழத்திற்குள் கிடைக்கும்.

பள்ளிப் பாடப்படங்களில் மரத்தின் வேர்த்தொகுதி, மேலே விரிந்த கவிகையின் தலைகீழ் நிழல்போல வரையப்படுவது வழக்கம். இது உண்மைக்குப் பொருந்தாத படம். சிறு கன்றின் ஆணிவேர் ஆழச் செல்வது மெய்யே. ஆயினும் மரம் வளர வளரப் பக்கவேர்களே மேலோங்குகின்றன. நீரையும் உப்புச்சத்துகளையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் மிகப் பெரும்பகுதி மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்திற்குள்ளேயே பரவியிருக்கும். அகலத்திலோ அவை கவிகையின் விளிம்பைத் தாண்டியும் வெகுதூரம் செல்லும். காரணம் எளிது: வேர்களும் சுவாசிக்கின்றன. மண்துகள்களிடையே உள்ள நுண்துளைகளின் வழியே பிராணவாயு கிடைக்கும் ஆழம் வரையில்தான் அவை செழித்து வாழ இயலும்.

நெய்யாற்றின்கரைப் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. இங்குள்ள மேட்டுநிலங்களில் பரவலாகக் காணப்படுவது செம்புரை மண். மலையாளத்தில் வெட்டுக்கல் எனப்படுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து ஆய்வாளர் 1807ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மலபாரின் அங்காடிப்புறத்தில் தாம் கண்ட இக்கல்லுக்கு 'லாட்டரைட்' எனப் பெயரிட்டார். நிலத்தினுள் ஈரமாக இருக்கும்போது கோடரியால் வெட்டத்தக்க அளவு மிருதுவாயிருக்கும் இது, காற்றும் வெயிலும் பட்டபின் இறுகிவிடுகிறது. சாலைப்பணிக்காக மேல்மண்ணை வழித்தெடுத்து, அடியிலுள்ள செம்புரையை வெளிப்படுத்தி, அதன்மேல் உருளையும் ஓட்டியபின் அவ்விடத்தில் நிற்கும் மரத்திற்குக் கல்தளத்தின்மேல் நிற்பதற்கும் மண்ணில் நிற்பதற்கும் அதிக வேறுபாடு இராது.

சாலை மரத்திற்கு நேரும் தீங்குகள் பெரும்பாலும் நல்லெண்ணத்துடன் செய்யப்படும் வேலைகளாலேயே நேர்கின்றன. நடைபாதை அழகாக இருக்கவேண்டுமென்று அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டுக் கற்கள் பதிக்கப்படுகின்றன. குடிநீர்க் குழாய்க்கும் தொலைபேசிக் கம்பிக்கும் மண் தோண்டும் இயந்திரத்தால் நேர்கோட்டில் பள்ளம் வெட்டப்படுகிறது. குப்பையைக் கூட்டி மரத்தடியிலேயே எரிக்கிறார்கள். பட்டையின் அடியில் வளரும் மெல்லிய திசு வெந்துபோனதைச் சில மாதங்கள் கழித்தே கண்ணால் காண முடிகிறது. அடிமரத்தைச் சிமெண்டால் மூடும் வழக்கம் டில்லியில் மிகுந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ஆம் ஆண்டு ஏப்ரலில், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்திற்குள் உள்ள சிமெண்டை அகற்றும்படி ஆணையிட்டது. ஒரு மீட்டர் என்பது குறைந்தபட்ச அளவே. வளர்ந்த மரத்திற்கு அது போதுமென எவரும் கருதிவிடலாகாது.

முன்னோர் அமைத்த ஆல்தறைகளைப் பற்றி இங்கு ஓர் ஐயம் எழலாம். கல்லடுக்கி, மண் நிரப்பி, ஆலையும் அரசையும் மேடையில் நிறுத்திய அவ்வழக்கம் மரத்திற்குக் கேடு செய்யவில்லையே என்பர். பழைய தறைகளின் கல்லிடுக்குகள் வழியே நீரும் காற்றும் சென்றன. மேற்பகுதியும் மண்ணாகவே விடப்பட்டது. மேலும் ஆலும் அரசும் தண்டிலிருந்தே புதுவேர் விடும் இயல்புடையன. அடிமரத்தை மண்ணால் மூடினால் மாவும் பலாவும் அவ்வாறு தாங்கமாட்டா. ஆகவே மேடை கட்டும் வழக்கத்தை எல்லா மரங்களுக்கும் விரிப்பதும், பழைய மேடைகளின்மேல் ஓடு பதிப்பதும் தவறே.

ஒரு மரத்திற்கு எவ்வளவு நிலம் விடவேண்டும் என்று கள ஊழியர் கேட்பது நியாயமான வினா. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டுமானப் பணிகளுக்கென வகுக்கப்பட்ட தரவிதிகள் எளிய கணக்கு ஒன்றைக் கூறுகின்றன: மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் பாதுகாக்க வேண்டிய வட்டத்தின் ஆரம் கிடைக்கும். இந்திய வனத்துறையினர் மார்பளவு என்பதை 1.37 மீட்டர் எனக் கொள்கின்றனர். அவ்வுயரத்தில் நாடாவால் அளந்த சுற்றளவு 157 சென்டிமீட்டர் எனின், அதை 3.14ஆல் வகுக்க விட்டம் 50 சென்டிமீட்டர். ஆரம் 6 மீட்டர். நெய்யாற்றின்கரைக் கடைத்தெருவில் ஆறு மீட்டருக்கு எங்கே போவது என்று நகைக்கத் தோன்றும். முழு வட்டமும் கிடைக்காத இடத்தில் இக்கணக்கு வேறொரு வகையில் உதவுகிறது. எந்தப் பணி இவ்வட்டத்தினுள் வருகிறதோ அங்கே இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையால் தோண்ட வேண்டும். கட்டைவிரலினும் தடித்த வேர் குறுக்கிட்டால் அதை வெட்டாமல் குழாயை அதன் அடியில் செலுத்த வேண்டும். இரு புறமும் பள்ளம் வெட்டுவதை எக்காரணத்தாலும் அனுமதித்தலாகாது. ஒரு பக்கத்து வேரை இழந்த மரம் மீளக்கூடும்; எதிரெதிர்ப் பக்கங்களில் இழந்தது அடுத்த பெருங்காற்றுக்காகக் காத்திருக்கும்.

அத்தகைய காற்று 2017 நவம்பர் 30ஆம் தேதியன்று ஒக்கிப் புயலாக வந்தது. குமரி மாவட்டத்திலும் அதையடுத்த கேரளக் கரையோரப் பகுதிகளிலும் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. வடகிழக்குப் பருவமழையால் மண் ஊறியிருக்கும் காலத்தில் வேருக்கும் மண்ணுக்கும் உள்ள பிடிப்பு தளர்ந்துவிடுவதால், அப்போது வீசும் காற்று கோடையில் வீசும் அதே வேகக் காற்றைவிடக் கூடுதல் சேதம் விளைவிக்கும். இத்தகைய புயலுக்குப்பின் சாலையோரத்தில் நிற்பவற்றை எல்லாம் வெட்டிவிட வேண்டுமென்ற கோரிக்கை எழுவது இயல்பு. குழந்தைகள் நடந்து செல்லும் பாதையில் மரம் விழுமோ என்னும் அச்சத்தை அலட்சியப்படுத்துவதற்கில்லை. ஆனால் ஆபத்தான மரத்தையும் ஆபத்தற்ற மரத்தையும் பிரித்தறியும் முறை உண்டு. அதை அறியாதவிடத்தில்தான் எல்லாம் கோடரிக்கு இரையாகின்றன.

சாய்ந்து நிற்பதே ஆபத்தின் அறிகுறி அன்று. இளமையிலிருந்து வெளிச்சத்தை நாடிச் சாய்ந்து, பின்னர் நுனியை நேராக நிமிர்த்திக்கொண்ட மரம் தன் சாய்வுக்கேற்ப வேரையும் அடிமரத்தையும் வலுப்படுத்திக்கொண்டிருக்கும். அண்மையில் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்தோ மேடிட்டோ காணப்படும் மரமே உடனடிக் கவனத்திற்குரியது. அடிமரத்தைச் சுற்றிக் காளான் தோன்றுவதும், மரச்சுத்தியலால் தட்டும்போது வெற்றொலி எழுவதும் உள்ளழுகலைக் குறிக்கும். அருகில் கடந்த சில ஆண்டுகளில் பள்ளம் வெட்டப்பட்டதா என்று கடைக்காரர்களிடம் விசாரிப்பது எந்தக் கருவியினும் பயனுடையது.

பொந்து விழுந்த மரமெல்லாம் சாகும் மரம் என்ற கருத்தும் திருத்தப்பட வேண்டியதே. இதற்கு நெய்யாற்றின்கரையிலேயே ஒரு சான்று உண்டு. அங்குள்ள ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிளாவு எனப் போற்றப்படும் பலாமரத்தின் பொந்தினுள், பின்னாளில் 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், எட்டு வீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பி ஒளிந்திருந்தார் என்பது மரபுவழிச் செய்தி. அம்மரத்தின் அடிப்பகுதி வரலாற்றுச் சின்னமாகப் பேணப்படுகிறது. ஓர் ஆள் புகுந்து மறையத்தக்க பொந்துடன் ஒரு பலாமரம் நிற்க முடிந்தது எங்ஙனம்? மரத்தின் உட்பகுதியான வைரம் உயிரற்ற திசு. நீரேற்றமும் வளர்ச்சியும் அதைச் சூழ்ந்த வெளிறிலும் பட்டையை ஒட்டிய அடுக்கிலுமே நடைபெறுகின்றன. குழாய் கட்டைக்கு நிகராக வளைவைத் தாங்குவதுபோல, எஞ்சிய சுவர் தடிப்பாக இருப்பின் பொந்துமரமும் தாங்கும். சுவரின் தடிப்பு அடிமரத்து ஆரத்தின் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமலிருந்தால் முறியும் வாய்ப்புக் குறைவு என்பது ஜெர்மானிய ஆய்வாளர் மாத்தெக் கூறிய அளவுகோல். இது எல்லா மரங்களுக்கும் பொருந்தும் என்பதை மறுப்போரும் உளர்; எனினும் வெட்ட ஆணையிடுமுன் அளந்து பார்க்கத் தூண்டுவதால் நற்பயனுடையதே. பொந்தைச் சிமெண்டிட்டு அடைப்பது ஒரு காலத்தில் சிகிச்சையாகக் கருதப்பட்டது. உள்ளே ஈரம் தங்கி அழுகல் மிகுவதால் அது இப்போது கைவிடப்பட்டுள்ளது.

மின்கம்பிகளுக்காகக் கிளை வெட்டுவதிலும் ஒரு முறை உண்டு. மரத்தின் தலையை மட்டமாகத் தறித்துவிட்டால் வேலை விரைவில் முடியும். ஆனால் வெட்டுவாயிலிருந்து கொத்தாகக் கிளம்பும் புதுக்கிளைகள் மேலோட்டமாகவே ஒட்டியிருப்பதால், சில ஆண்டுகளில் அவையே காற்றில் ஒடிந்து விழும். கிளை தண்டுடன் சேருமிடத்தில் புடைத்த வளையம் ஒன்று இருக்கும். அவ்வளையத்தைச் சேதப்படுத்தாமல் அதன் வெளிவிளிம்பில் வெட்ட வேண்டும். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் தடுப்புத் திசுவை எழுப்பி அதை உள்ளடக்கி வைக்கிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ 1970களில் விளக்கினார். வெட்டுவாயில் தார் பூசுவதால் பயனில்லை என்பதும் அவருடைய ஆய்வுகளால் தெளிவாயிற்று.

1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலச் சீரமைப்பின்போது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடும், நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடும் அமைந்தன. அதன் பயனாக ஒரே சாலையின் மரவரிசை களியக்காவிளையில் இரு நிர்வாகங்களின் விதிகளுக்கு உட்படுகிறது. கரமனை–களியக்காவிளைச் சாலை விஸ்தரிப்பு கட்டங்கட்டமாக நடைபெற்று வந்துள்ள நிலையில், வெட்டப்படும் மரங்களுக்கு ஈடாக எதை நடுவது என்னும் வினா முக்கியமாகிறது. மடகாஸ்கரிலிருந்து வந்த மயிற்கொன்றை கண்ணுக்கு விருந்தாயினும் எளிதில் ஒடியும் கிளையுடையது. குறுகிய தெருவுக்கு ஏற்றதன்று. தூங்குமூஞ்சி மரத்திற்குப் பெரிய திடல் வேண்டும். கம்பிகளின் கீழ்ப் பூவரசும் மகிழமும், அகன்ற ஓரங்களில் புங்கமும் புன்னையும் இலுப்பையும், பள்ளி வளாகங்களில் நாவலும் பலாவும் இம்மண்ணில் நன்கு வளரும்.

நடும் காலத்தைப் பற்றி ஒன்று கூற வேண்டும். 1950இல் மத்திய அமைச்சர் கே. எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கியபோது ஜூலை முதல் வாரம் குறிக்கப்பட்டது. அது வட இந்திய மழையை ஒட்டியது. இப்பகுதியில் இடவப்பாதி ஜூன் தொடக்கத்திலேயே பெய்வதால், ஜூன் 5ஆம் தேதி சுற்றுச்சூழல் தினமே பொருத்தமான நாள். குழியை ஆழத்தினும் அகலத்தில் பெரிதாக வெட்டி, செம்புரைச் சுவரைக் கடப்பாரையால் கொத்திவிட வேண்டும். பையினுள் சுருண்ட வேரைப் பிரிக்காமல் நட்டால், அதுவே பிற்காலத்தில் தன் அடிமரத்தை நெரிக்கும். வேர் பிரியத் தொடங்கும் அடிப்புடைப்பு தரைமட்டத்தில் தெரிய வேண்டும். மூடு மண்ணுக்குள் மறையலாகாது.

ஆசிரியர்கள் ஏழாம் வகுப்பிற்கு மேற்பட்ட மாணவரைக்கொண்டு பள்ளியைச் சுற்றியுள்ள சாலை மரங்களுக்கு ஒரு பதிவேடு தொடங்கலாம். மரத்தின் பெயர், 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு, அடியில் திறந்த மண் எத்தனை மீட்டர், ஆணி அடித்துள்ளதா, அருகில் பள்ளம் வெட்டிய மாதம் ஆகியவற்றைக் குறித்தால் போதும். ஆண்டுதோறும் துலாவருஷம் தொடங்குமுன், செப்டம்பரில், மீண்டும் அளந்து அப்பதிவின் நகலைப் பஞ்சாயத்து அலுவலகத்திற்கு அனுப்பலாம். புதிதாக நட்ட கன்றுகளுக்கு மட்டும் இன்னொரு பத்தி வேண்டும்: முதல் மூன்றாண்டுகளில், ஜனவரி முதல் மே வரை, யார் எந்தக் கிழமையில் நீர் ஊற்றுவது என்பது.