முதுவர்: முதுகா, முதுமையா?

நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்தால் பெயர் பரவிய ஊர், தேனி மாவட்டத்துப் பொட்டிபுரம். அங்கு நின்று மேற்கே நோக்கினால், ஏலமலைத் தொடர் பெருஞ்சுவர்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வழியாக மலையேறினால் முதுவாக்குடி என்னும் சிற்றூர் வரும். முதுவர் என்னும் பழங்குடியினரின் ஊர் அது. மலைக்கு அப்பாலுள்ள கேரளத்து இடுக்கி மாவட்டத்திலும், வடக்கே ஆனைமலையிலும் இம்மக்கள் வாழ்கின்றனர்.

'முதுவர்' என்றால் என்ன பொருள்?

அவர்களிடையே வழங்கும் கதை ஒரு விடை தருகிறது. முன்னோர் மதுரையை விட்டு மலையேறியபோது, பிள்ளைகளையும் உடைமைகளையும் முதுகில் சுமந்து வந்தனராம். மீனாட்சியம்மன் திருவுருவத்தைச் சுமந்ததாகவும் சொல்வதுண்டு. முதுகில் சுமந்தவர் முதுவர் ஆயினர் என்பது கதை. குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிச் சுமக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் இம்மரபு இடம்பெற்றுள்ளது. தெலுங்கு நாயக்கர்கள் போடிநாயக்கனூரைக் கைக்கொண்டபோது இப்பெயர்ச்சி நிகழ்ந்திருக்கலாம் என்ற கருத்தையும் அந்நூல் குறிப்பிடுகிறது.

இரண்டாவது விடை அகராதியில் உள்ளது. 'முது' என்பது பழமையைக் குறிக்கும் அடிச்சொல். முதுமை, முதுமொழி, மூத்தோர் ஆகியவை அதன் உறவுகள். பழந்தமிழில் 'முதுவர்' என்றாலே மூத்தோர், அறிவுடையோர் என்று பொருள்.

இவற்றுள் எது சரி? முதுகு என்பதிலிருந்து வந்தால் 'முதுகர்' என்றல்லவா இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் 'சிவப்பு' என்பதைப் பேச்சில் 'செகப்பு' என்கிறோம். வகரமும் ககரமும் இவ்வாறு இடம் மாறுவது தமிழில் உண்டு. ஆகவே ஒலியை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூற இயலாது. பெயர்க்காரணக் கதைகள் பல, பெயர் வழங்கத் தொடங்கிய பின்னர் எழுந்தவையே. ஆயினும் அவற்றை ஒதுக்கிவிடலாகாது. சொல்லின் வேரை அவை காட்டாவிட்டாலும், ஒரு மக்கள் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள நினைவைக் காட்டும். முதுவரின் நினைவு மதுரையை நோக்கியே திரும்புகிறது. இன்றும் அவர்களுள் ஒரு பிரிவினர் 'பாண்டி முதுவர்' எனப்படுகின்றனர்.

பொருளில் மட்டுமன்றி, எழுத்திலும் இப்பெயர் கிளைத்துவிட்டது. நம் 'து' ஒலியை ஆங்கிலத்தில் சிலர் 'டி' என்ற எழுத்தால் எழுதினர். சிலர் 'டி, எச்' என்ற இரண்டு எழுத்துகளால் எழுதினர். முதலாவதைத் திரும்பத் தமிழில் படித்தால் 'முடுவன்' ஆகிவிடுகிறது! தமிழ்நாட்டின் அட்டவணைப் பழங்குடிகள் பட்டியலில் 'முடுகர், முடுவன்' ஓர் இனமாகவும், 'முதுவன்' வேறோர் இனமாகவும் உள்ளன. முடுகர் என்போரோ அட்டப்பாடியில் வாழும் வேறு மக்கள். இதே மலைச்சரிவுகளில் வாழும் பளியரின் பெயரும் அப்பட்டியலில் மூன்று வடிவங்களில், மூன்று எண்களில் இடம்பெற்றுள்ளது.

இது வெறும் எழுத்துப் பிழைதானே என்று எண்ண வேண்டாம். பள்ளிச் சேர்க்கை, உதவித்தொகை, வேலை ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு இனச் சான்றிதழ் தேவை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி நிலம் கோரும்போதும் அது ஒரு சான்றாகிறது. தந்தையின் தாளில் ஓர் எழுத்தும் மகனின் தாளில் வேறோர் எழுத்தும் இருந்தால், இருவரும் ஓரினத்தவர் என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை அவர்கள்மீதே விழும்.

அன்று முதுகில் சுமந்தது பிள்ளையை என்கிறது கதை. இன்று சுமப்பது பிறர் எழுதிவைத்த பெயரை. ஒரு மக்களின் பெயரை அவர்கள் ஒலிக்கும்படியே கேட்டு எழுதுவது மொழியறிவு மட்டுமன்று, அது நீதியுமாகும்.