கொடுவா மீனும் நமது வாவியும்

நெல் விதைத்து வாழ்ந்த நம் குடும்பங்கள் பல, இடம்பெயர்ந்து வாவிக்கரைக்கு வந்தபின் வலையைக் கையில் எடுத்துள்ளன. மண்ணின் குணம் அறிந்த நாம் இனி நீரின் குணத்தையும் அறிய வேண்டும். அதனைக் கற்றுத்தர ஏற்றது கொடுவா மீன்.

கொடுவா உவர்நீரிலும் நன்னீரிலும் வாழும். சிறு மீனையும் இறாலையும் உண்டு வளரும். ஆயினும், முட்டையிட அதற்குக் கடலின் உப்பு வேண்டும். ஆகவே முதிர்ந்த மீன்கள் முகத்துவாரத்தை நாடிச் செல்கின்றன. ஒரு பெரிய தாய்மீன் பல இலட்சம் முட்டைகளை இடும். அவை ஒரு நாளுக்குள் பொரிக்கும். குஞ்சுகள் நீரோட்டத்துடன் உள்ளே வந்து கண்டல் வேர்களிடையேயும், மாரியில் நீர் நிறைந்த பள்ளங்களிலும் வயலோர வாய்க்கால்களிலும் ஒதுங்கி வளர்கின்றன.

இன்னுமொரு புதுமை உண்டு. கொடுவா முதலில் ஆணாகவே வளர்கிறது. 3 அல்லது 4 வயதில் ஆணாக முதிர்ந்து, 6 வயதளவில் பெரும்பாலும் பெண்ணாக மாறுகிறது. எனவே, சின்னதிலேயே எல்லாவற்றையும் பிடித்துவிட்டால் தாய்மீன் எங்கிருந்து வரும்? விதைநெல்லைக் குற்றி உண்ட வீட்டுக்கு அடுத்த போகம் இல்லை என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கோடையில் அதன் வாயை மணல் மூடுகிறது. மாரியில் வெள்ளம் அதனை உடைக்கும். அல்லது வயல்கள் மூழ்காதபடி மனிதர் வெட்டுவர். கமக்காரருக்கு வயல் வடிய வேண்டும். மீனவருக்கோ நீர் திடீரென வடிந்தால் கரையோரக் குஞ்சுகளின் ஒதுக்கிடம் போய்விடும் என்ற கவலை. இரண்டும் நியாயமே. இரு தொழிலையும் அறிந்த நாம், வெட்டும் நாளை இரு சாராரும் கூடியிருந்து தீர்மானிக்கும்படி கேட்க வேண்டும்.

நம்மால் இயன்றவை மூன்று:

1. சட்டம் தடுத்துள்ள தங்கூசி வலையையும் சிறுகண் வலையையும் தவிர்ப்போம். வலையில் அகப்பட்ட குஞ்சை உயிரோடு விடுவோம்.
2. விறகுக்காகக் கண்டலை வெட்டாதிருப்போம்.
3. கிருமிநாசினி தெளித்த வயல்நீரை உடனே வாய்க்காலில் திறந்து விடாதிருப்போம்.

இழந்த நிலம் நமக்குத் திரும்பக் கிடைக்கலாம், கிடைக்கவும் வேண்டும். அந்நாள் வரை நமக்குச் சோறு தரும் இந்த வாவியை, நமக்குப் பின் இங்கு வாழ்வோருக்கும் குறைவின்றி விட்டுச் செல்வோம்.