சம்பளம் இல்லை, அனுபவம் உண்டு

2012 பிப்ரவரியில் பிரிட்டன் அரசின் வேலைவாய்ப்பு இணையதளத்தில் ஒரு விளம்பரம் வந்தது. கிழக்கு இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் உள்ள டெஸ்கோ கடைக்கு ஆள் தேவை. இரவு ஷிப்ட், நிரந்தர வேலை. சம்பளம் என்ற இடத்தில் தொகை எதுவும் இல்லை. வேலையில்லாதோர் உதவித்தொகையும் செலவுப் பணமும் என்று மட்டும் போட்டிருந்தது. நாட்டின் மிகப் பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனம், ராத்திரி முழுக்கக் கண்விழித்து வேலை பார்க்கிறவருக்குத் தன் கல்லாவிலிருந்து சம்பளம் தராது. அரசு ஏற்கெனவே கொடுத்துவரும் உதவித்தொகைதான் கூலி என்று அதற்கு அர்த்தம்.

விளம்பரத்தின் படம் சமூக ஊடகங்களில் பற்றிக்கொண்டது. தவறாகப் பதிவாகிவிட்டது, இது நிரந்தர வேலை அல்ல, அரசின் ‘வேலை அனுபவ’த் திட்டத்துக்கான இடம்தான் என்று டெஸ்கோ விளக்கியது. விளக்கம் வந்த பிறகுதான் விவகாரம் பெரிதானது. அப்படியொரு திட்டம் இருப்பதையே பலர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அருகிலிருந்த டெஸ்கோ கடைக்குள் போராட்டக்காரர்கள் புகுந்தார்கள். கடையைச் சிறிது நேரம் மூட வேண்டியதாயிற்று.

திட்டம் பிறந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 2008 நிதி நெருக்கடியின் அடி இன்னும் ஆறியிருக்கவில்லை. 2011 முடிவில் பிரிட்டனில் 26 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையின்றி இருந்தார்கள். 16 முதல் 24 வயது வரையிலானவர்களில் மட்டும் அந்த எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. முன் அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கிடைத்தால்தான் அனுபவம் என்ற சிக்கல் அங்கேயும் உண்டு. அதை அவிழ்க்கிறோம் என்று சொல்லித்தான் பிரதமர் டேவிட் கேமரூனின் கூட்டணி அரசு பல திட்டங்களைக் கொண்டுவந்தது. இளைஞர்களுக்கான வேலை அனுபவத் திட்டத்தில் 2 முதல் 8 வாரங்கள், வாரத்துக்கு 25 முதல் 30 மணி நேரம் ஒரு நிறுவனத்தில் வேலை. முதல் வாரத்துக்குப் பிறகு பாதியில் விட்டுப்போனால் உதவித்தொகை வெட்டப்படலாம். ‘கட்டாயப் பணி’ என்ற இன்னொரு திட்டத்தில் ஒதுங்கிக்கொள்ளவே வழியில்லை: 4 வாரங்கள், வாரத்துக்கு 30 மணி நேரம் வரை. நீண்ட காலமாக வேலையில்லாதவர்களைத் தனியார் ஒப்பந்த நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 25 வயதுக்குட்பட்டவருக்கு அப்போது உதவித்தொகை வாரத்துக்கு 53.45 பவுண்டு. 30 மணி நேரம் வேலை என்றால் மணிக்கு 1.78 பவுண்டு விழுகிறது. 21 வயதானவருக்குச் சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலியோ மணிக்கு 6.08 பவுண்டு. அந்த 1.78-ஐக்கூட நிறுவனம் தரவில்லை. அது வரி கட்டுகிறவர்களின் பணம்.

டெஸ்கோ சர்ச்சைக்கு முன்பே இந்தத் திட்டங்களை எதிர்த்து ஒரு வழக்கு தொடங்கியிருந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நிலவியல் படித்த கெய்ட் ரெய்லி வேலை தேடிக்கொண்டே ஒரு அருங்காட்சியகத்தில் ஊதியமில்லாத் தொண்டராக இருந்தார். அருங்காட்சியகத் துறையில்தான் வேலை வேண்டும் என்பது அவர் விருப்பம். 2011 நவம்பரில் அவரை பவுண்ட்லேண்ட் கடைக்குப் போகச் சொன்னார்கள். எல்லாப் பொருளும் ஒரு பவுண்டு என்று அப்போது விற்றுவந்த கடை அது. இரண்டு வாரம் அலமாரியில் சரக்கு அடுக்கினார், தரை பெருக்கினார். போகாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் அவர் அனுப்பப்பட்ட திட்டத்தில் சேருவது அவரவர் விருப்பம். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவரோடு வழக்கில் சேர்ந்த இன்னொருவர் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த லாரி ஓட்டுநர், மெக்கானிக் வேலையும் தெரிந்தவர். வாரம் 30 மணி நேரம், ஆறு மாதம், பழைய மரச்சாமான்களைச் சம்பளமில்லாமல் சுத்தம் செய்யச் சொன்னபோது மறுத்துவிட்டார். தன் தொழிலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பது அவர் வாதம். அவருடைய உதவித்தொகை நிறுத்தப்பட்டது.

பட்டதாரிக்கு அலமாரி அடுக்குவது கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது என்ற பேச்சும் கிளம்பியது. கடையில் பொருள் கிடைக்காமல் நிற்கும்போது யார் முக்கியம், நிலவியல் அறிஞரா, சரக்கு அடுக்குகிறவரா என்று யோசித்துப் பார்க்கட்டும் என்கிற தொனியில் அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித் தொலைக்காட்சியில் பேசினார். ஆனால் அந்த நேரத்தில் ரெய்லி ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பகுதிநேர வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளத்துக்கு.

மக்களின் கோபத்துக்கு அரசைவிட நிறுவனங்கள்தான் முதலில் அசைந்தன. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைகளும் சைன்ஸ்பரிஸும் விலகிக்கொண்டன. முந்தைய சில மாதங்களில் சுமார் 1,400 பேர் தங்களிடம் வந்ததாகவும், அவர்களில் 300 பேருக்கு வேலை கொடுத்ததாகவும் சொன்ன டெஸ்கோ புது ஏற்பாடு ஒன்றை அறிவித்தது: விரும்புகிறவர்களுக்கு நான்கு வாரம் சம்பளத்தோடு வேலை, ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம். சம்பளமும் முடிவில் ஒரு வேலையும் வந்ததும் அது எந்த நிறுவனமும் செய்கிற தகுதிகாண் பணியாகிவிட்டது. சண்டைக்கு அங்கே இடமில்லாமல் போனது. அதே பிப்ரவரியின் கடைசி நாளில், வேலை அனுபவத் திட்டத்தைப் பாதியில் விடுகிறவர்களின் உதவித்தொகை வெட்டப்படாது என்று அமைச்சர் கிறிஸ் கிரேலிங் அறிவித்தார். கட்டாயத் திட்டங்கள் மட்டும் தொடர்ந்தன.

நான்கு மாதம்கூட ஆகவில்லை, அடுத்த சங்கடம். எலிசபெத் ராணியின் வைர விழாவுக்காக ஜூன் 3 அன்று தேம்ஸ் நதியில் படகு ஊர்வலம். கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பணிக்கு, நீண்ட காலமாக வேலையில்லாத சிலரைத் தென்மேற்கு இங்கிலாந்திலிருந்து பேருந்தில் அழைத்து வந்தார்கள். நள்ளிரவு தாண்டி லண்டனில் இறங்கியவர்கள் லண்டன் பாலத்துக்கு அடியில் படுக்க வேண்டியிருந்தது. விடிந்ததும் மழையிலும் குளிரிலும் நின்று வேலை பார்த்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. விஷயம் வெளியே வந்ததும் அவர்களை அழைத்து வந்த பாதுகாப்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. விசாரணை வேண்டும் என்று முன்னாள் துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் வற்புறுத்தினார்.

நீதிமன்றத்தில் ரெய்லிக்குக் கிடைத்தது முழு வெற்றி அல்ல. இது அடிமைத்தனம், கட்டாய உழைப்பு என்ற வாதத்தை ஒரு நீதிமன்றமும் ஏற்கவில்லை. அரசு சறுக்கியது வேறு இடத்தில். ஒவ்வொரு திட்டமும் எப்படிப்பட்டது என்பதை விதிகளில் விவரிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் சொல்லியிருந்தது. அரசு வகுத்த விதிகளில் போதிய விவரம் இல்லை. 2013 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. அப்படியானால் தண்டனையாக வெட்டிய உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டுமே? 13 கோடி பவுண்டு வரை ஆகலாம் என்பது அரசின் கணக்கு. அடுத்த மாதமே பழைய வெட்டுகளை முன்தேதியிட்டு நியாயப்படுத்தும் சட்டம் அவசர அவசரமாக நிறைவேறியது. எதிர்க்கட்சியான தொழிற்கட்சித் தலைமை ஓட்டெடுப்பில் கலந்துகொள்ள வேண்டாம் என்றது. அக்கட்சியின் 40-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் அதை மீறி எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். விதிகள் செல்லாதவை என்பதை 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தவர்களின் நியாயமான விசாரணை உரிமையை முன்தேதிச் சட்டம் பறித்துவிட்டது என்று 2014-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், திட்டத்தால் வேலை கிடைத்ததா? அரசின் சொந்த ஆய்வே பதில் சொன்னது. கட்டாயப் பணிக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு அதனால் கூடவில்லை என்று வேலை மற்றும் ஓய்வூதியத் துறையின் 2012 அறிக்கை கண்டது. அந்தச் சமயத்திலேயே திட்டத்தை விரிவாக்கப்போவதாகவும் அரசு அறிவித்தது. அதே ஆண்டு, அதே துறை இன்னொரு ஆய்வையும் வெளியிட்டது. 2009-ல் தொழிற்கட்சி அரசு தொடங்கி, கேமரூன் அரசு வந்ததும் நிறுத்திய ‘எதிர்கால வேலைகள் நிதி’ பற்றியது அது. ஆறு மாதத்துக்கு, வாரம் 25 மணி நேரம், குறைந்தபட்சக் கூலியோடு வேலை என்பது அந்தத் திட்டம். பெரும்பாலும் தொண்டு அமைப்புகளிலும் உள்ளாட்சி மன்றங்களிலும் இடம் கொடுத்தார்கள். செலவு அதிகம் என்று ஒதுக்கப்பட்ட அந்தத் திட்டத்தால், பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் சராசரியாக 7,750 பவுண்டு அளவுக்குச் சமூகத்துக்கு நிகர லாபம் என்று ஆய்வு மதிப்பிட்டது.

சம்பளமில்லாத ஆட்களை வாங்கிக்கொண்டவர்கள் யார் யார் என்பதும் வெகுநாள் வெளியே வரவில்லை. 2012-ல் தகவல் உரிமைச் சட்டப்படி பெயர்களைக் கேட்டார்கள். பெயரைச் சொன்னால் எதிர்ப்புக்குப் பயந்து நிறுவனங்கள் விலகிவிடும், திட்டமே படுத்துவிடும் என்று அரசு நான்கு வருடம் வழக்காடியது. 2016 ஜூலையில் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், உள்ளாட்சி மன்றங்கள் என 500-க்கும் மேற்பட்ட பெயர்கள் வெளியாயின. கட்டாயப் பணித் திட்டம் அதற்குள் முடிந்துபோயிருந்தது.

2020-ல் கொரோனா மறுபடியும் இளைஞர்களின் வேலையைப் பறித்தபோது, கேமரூனின் பழமைவாதக் கட்சியின் அரசே ‘கிக்ஸ்டார்ட்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 16 முதல் 24 வயது வரையிலானவர்களுக்கு ஆறு மாதம், வாரம் 25 மணி நேரம் வேலை. குறைந்தபட்சக் கூலியை அரசே கொடுத்தது. 1,60,000-க்கும் மேற்பட்டோர் வேலையில் சேர்ந்தார்கள். கூலிப் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்தது. ஆனால் இதிலும் முழுக் கூலி அரசுக் கணக்கில்தான். ஆறு மாதம் முடிந்ததும் அந்த ஆளை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எந்த நிறுவனத்துக்கும் இல்லை.