வன்தட்டில் விளையும் நாணயம்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது பழமொழி. மகாவலிக் கரையில் வாழும் எங்களுக்கு அது சிறு வயதிலிருந்தே செவியிற் பட்டதுதான். ஆயினும் அதன் பொருள் எனக்கு முற்றாக விளங்கியது 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேயாம்.

அம்மாதத்தில் ஒரு மாலை, என்னிடம் முன்னர் பயின்ற இளைஞர் ஒருவர் கட்டுகஸ்தோட்டையிலிருந்து என் இல்லத்துக்கு வந்தார். கையில் ஒரு தாள். அதிலே கணினிப் பாகங்களின் பெயர்களும் அவற்றின் விலைகளும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. "சேர், வன்தட்டுகளை வாங்கிக் கணினியிற் பொருத்திவிட்டாற் போதும், அவையே காசு உண்டாக்கும்" என்றார். முதலுக்கு வழி யாது என வினவினேன். தாயாரின் தாலிக்கொடியை அடகு வைப்பதாக ஏற்பாடு, தாயாரும் இசைந்துவிட்டாராம். நானோ கலைப் பட்டதாரி. மின்னணுவியலை முறையாகக் கற்றவனல்லன். எனினும், "தம்பி, இந்தத் தாளை ஒரு வாரம் என்னிடம் விட்டு வையும்" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் கற்றவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில், வன்தட்டு எவ்வாறு நாணயம் ஈட்டும் என்பதை நோக்குவோம். 2009ஆம் ஆண்டிலே தோன்றிய பிட்கொயின் என்னும் மெய்நிகர் நாணயத்தைப் பலரும் அறிவீர்கள். அதனை ஈட்டுவதற்குக் கணினிகள் இரவு பகலாகக் கணக்கிட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். அதற்குச் செலவாகும் மின்சாரமோ மிகப் பெரிது. இக்குறையை நீக்கும் நோக்குடன், கணக்கிடும் வேகத்துக்குப் பதிலாக வெற்றிடத்தையே போட்டிப் பொருளாகக் கொண்ட நாணயங்கள் எழுந்தன. 2014இல் தோன்றிய பர்ஸ்ட்கொயின் அவற்றுள் முன்னோடி. பின்னர், பிட்டொரென்ட் என்னும் கோப்புப் பகிர்வு முறையை ஆக்கியவராகிய பிராம் கோகன் 2017இல் நிறுவிய நிறுவனம், 2021 மார்ச் மாதத்தில் சியா என்னும் நாணயத்தின் வலையமைப்பைத் தொடக்கி வைத்தது. எம் இளைஞரின் மனத்தைக் கவர்ந்ததும் இதுவே.

லொத்தர்ச் சீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். வன்தட்டு முழுவதும் எண்களை முன்கூட்டியே எழுதி நிரப்பி வைத்தல் இம்முறையின் முதற்படி. இவ்வாறு நிரப்பப்பட்ட ஒவ்வொரு கோப்பையும் அத்தொழிலார் பிளொட் என்பர். நாம் பாத்தி எனலாம். வலையமைப்பு நாள் முழுவதும் அடுத்தடுத்து ஓர் எண்ணை அறிவிக்கும். அதற்கு மிக நெருங்கிய விடை எவருடைய பாத்தியிலே கிடக்கின்றதோ, அவருக்குப் பரிசு. ஆகவே, நிறைய இடம் வைத்திருப்பவர் நிறையச் சீட்டு வைத்திருப்பவராகின்றார். எழுதும் வேலை ஒரு முறைக்குரியது. அதன்பின் தட்டைச் சுழலவிட்டு அவ்வப்போது தேடிப் பார்த்தலே வேலை. இதனாலேயே இதனைச் சுரங்கம் தோண்டுதல் என்னாது, உழவு என்றே அழைக்கலாயினர்.

இனி, இளைஞரின் தாளுக்கு வருவோம். அதில் முதலிடம் பெற்றிருந்தது விலையுயர்ந்த வரைகலை அட்டை. அஃது வேறு வகை நாணயங்களுக்கு உரிய கருவி. அன்றைய சியா உழவுக்கு அதனால் யாதொரு பயனுமில்லை. அதிவேகச் செயலியும் பாத்திகளைக் கட்டும்போதன்றிப் பின்னர் வேண்டுவதன்று. பாத்திகளைக் கட்டி முடித்தபின், ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவான சிறு கணினியே அவற்றைக் காவல் செய்யப் போதியதாக இருந்தது. பாத்திகளைச் சுருக்கி எழுதும் முறை 2023இல் வந்தபின்னரே வரைகலை அட்டைக்கு வேலை ஏற்பட்டது. எப்பணிக்கு எக்கருவி என்று அறியாமல் வாங்குவோன், நெல் அளக்கத் தராசும் பொன் நிறுக்க மரக்காலும் வாங்கியவனாவான்.

வாங்கவேண்டிய பாகங்களுள் முதலாவது வன்தட்டு. இங்கே வேகம் பொருட்டன்று. ஒரு டெராபைட்டுக்கு என்ன விலை என்பதே கேள்வி. அன்று ஒரு பாத்திக்கு ஏறக்குறைய 109 ஜிகாபைட் வேண்டியிருந்தது. எனவே 10 டெராபைட் கொண்ட தட்டில் 91 பாத்திகள் அடங்கின. பழைய தட்டாயினும் குற்றமில்லை. ஆனால் அது எத்தனை மணி நேரம் ஓடியது, பழுதான பகுதிகள் உளவா என்பவற்றைக் காட்டும் உடல்நல அறிக்கையைக் கடையிலேயே திறந்து பார்த்தல் வேண்டும். காட்ட மறுக்கும் கடையை விட்டு அகலுதல் நன்று.

இரண்டாவது, எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்ம நிலைத் தட்டு. அன்று பாத்தியைக் கட்டும்போது தற்காலிகமாக எழுதியெழுதி அழிக்கும் களமாக இருந்தது இதுவே. ஒரு பாத்திக்கு ஏறத்தாழ ஒன்றரை டெராபைட் அளவு எழுத்து அதன்மேல் விழுந்தது. திண்ம நிலைத் தட்டுக்கோ எழுத்துக்கு ஓர் ஆயுள் வரையறை உண்டு. 1 டெராபைட் கொண்ட சாதாரணத் தட்டு ஒன்றுக்கு 600 டெராபைட் எழுத்து என உற்பத்தியாளர் வரையறுப்பர். அவ்வாறாயின் 400 பாத்திகளோடு அதன் உத்தரவாத ஆயுள் முடியும். வீட்டிலே எழுதவும் படிக்கவும் பயன்படும் மடிக்கணினியை இவ்வேலைக்கு இடுதல், பள்ளிக்கூடத்துக்குச் செல்லும் சைக்கிளில் மூட்டை ஏற்றுவதை ஒக்கும்.

மூன்றாவது, மின்வழங்கி. பலரும் மறந்துவிடும் பாகம் இது. பெரிய வன்தட்டு ஒன்று ஓடும்போது 6 வாற்று அளவே கொள்ளும். ஆனால் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 20 வாற்றுக்கும் மேல் இழுக்கும். பத்துத் தட்டுகள் ஒரே கணத்தில் எழுந்தால் மலிவான மின்வழங்கி தாங்காது, தட்டுகளும் பழுதடையும். எங்கள் கண்டிப் பிரதேசத்தில் ஏப்ரல் மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை வேளைகளில் இடியும் மின்னலும் மிகுதி. ஆதலால் மின்னேற்றத் தடுப்பியும் யூ.பி.எஸ். கருவியும் இன்றி இத்தொழிலில் இறங்கலாகாது. மலைநாட்டு ஈரம் புகைப்படக் கருவியின் கண்ணாடியிலே பூஞ்சணம் பிடிக்கச் செய்வதை நாம் அறிவோம். ஈரச் சுவரோரத்தில் தட்டுகளை அடுக்குதலும், ஈரத்துக்கு அஞ்சி அவற்றை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி வெப்பமேற விடுதலும் தவறே.

நேயர்களே, பாகங்களை இவ்வாறு தெரிந்தெடுத்தாயிற்று. இனித்தான் அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டும். மறுவாரம் இளைஞர் வந்தபோது, பாகங்களைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை. அவரிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, கணக்கைச் செய்யச் சொன்னேன்.

அம்மாதத்தில் உலகெங்கும் சியாவுக்கென நிரப்பப்பட்ட இடம் 30 எக்ஸாபைட்டைத் தாண்டியிருந்தது. அஃதாவது 3 கோடி டெராபைட். எம்மிடம் 10 டெராபைட் உண்டாயின், எமது பங்கு 30 இலட்சத்தில் ஒன்று. நாளொன்றுக்கு 4,608 பரிசு. 30 இலட்சத்தை 4,608ஆல் வகுத்தார். விடை 651 நாள். ஒரு பரிசுக்குச் சராசரியாக இருபத்தொரு மாதங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதுவும் உலகில் வேறெவரும் ஒரு தட்டுக்கூடப் புதிதாக வாங்காவிடின்! பலர் கூடி உழுது பங்கிடுவதற்கான அதிகாரபூர்வ முறை அம்மாதத்திலேயே நடைமுறைக்கு வந்தது. அது காத்திருப்பைக் குறைக்கும்; விளைச்சலைக் கூட்டாது.

அடுத்து மின்சாரம். பத்துத் தட்டுகளும் கணினியும் சேர்ந்து 100 வாற்று எனக் கொண்டால், நாளுக்கு 2.4 அலகு, மாதத்துக்கு 72 அலகு. இது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் நமது மின்கட்டணம் படிப்படியாக ஏறும் அமைப்புடையது. மாதம் 60 அலகுடன் அமைந்திருந்த குடும்பம் 132 அலகுக்கு ஏறும்போது, அலகின் விலையும் நிலையான கட்டணமும் ஒருங்கே உயர்கின்றன. வரைகலை அட்டைகளின் தீனியோடு ஒப்பிட்டால் வன்தட்டு சிக்கனமானதுதான். சிக்கனம் வேறு, இலாபம் வேறு.

இறுதியாகச் சட்டம். மெய்நிகர் நாணயங்களின் ஆபத்தைக் குறித்து இலங்கை மத்திய வங்கி 2021 ஏப்ரலிலும் 2022 ஜூலையிலும் பொதுமக்களை எச்சரித்தது. அவற்றை ஈட்டும் திட்டங்களை நடத்த எந்நிறுவனத்துக்கும் தான் உரிமம் வழங்கவில்லை என்றும் அறிவித்தது. ஏமாற்றப்பட்டவர் முறையிட வாயில் இல்லை என்பதே இதன் கருத்து. பணம் இறக்குமுன் மத்திய வங்கியின் அண்மைய அறிவித்தலை ஒருவர் தாமே வாசித்தல் கடமையாகும்.

கணக்கை முடித்த இளைஞர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "சேர், அம்மாவிடம் என்ன சொல்வது?" என்று மட்டும் கேட்டார். "கணக்கைக் காட்டும்" என்றேன்.

அவர் ஆசையை முற்றாக விடவுமில்லை. பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி ஈட்டிய சொந்தப் பணத்தில் 4 டெராபைட் தட்டு ஒன்றை மட்டும் வாங்கித் தம் பழைய கணினியிற் பொருத்தினார். 2022 மார்ச்சின் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது. அவரது உழவும் அத்துடன் ஓய்ந்தது. ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. 2021 மே மாதத்தில் ஆயிரம் டொலருக்கு மேல் விலைபோன சியா நாணயம், 2025 நடுப்பகுதியில் 20 டொலருக்கும் கீழே கிடந்தது. தாளில் எழுதியபடி அனைத்தையும் வாங்கியிருப்பின் அத்தாயாரின் கொடி மீண்டிருக்குமா என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

அந்த ஒற்றைத் தட்டு வீண்போகவில்லை. அயலவர்களின் பழைய திருமணப் படங்களையும் மறைந்த பெற்றோரின் குரற்பதிவுகளையும் அதிலே சேர்த்துப் பேணி வருகின்றார். அவருடைய தாயாரை அண்மையில் ஒரு திருமண வீட்டிற் கண்டேன். கழுத்திலே கொடி இருந்தது.